தாத்தா வைத்துப்போன வெள்ளி ரூபாயை சிமெண்டுத் தரையில் கொட்டலாமா?

பழைய காசு கெட்டுப்போவது பெட்டியில் அல்ல, பார்க்கும் இடத்தில்!

சங்கரன்கோவில்,

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாள். பரணில் கிடந்த தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே ஒரு சுருக்குப்பை. அவிழ்த்துத் தரையில் கொட்டினால், கலகலவென்று காசுகள்! விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, செப்புக் காசு, சதுரமான 5 பைசா.

"ஏலே, இது எல்லாம் கறுத்துல்லா கெடக்கு! கொஞ்சம் புளியப் போட்டுத் தேய்டே, பளபளன்னு வந்துரும்" என்கிறார் வீட்டுப் பெரியவர்.

சங்கரன்கோவில் வட்டாரத்திலும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. நூறு வருஷம் பத்திரமாக இருந்த காசு, வெளியே வந்த பத்தே நிமிஷத்தில் மதிப்பு இழக்கிறது. எடுத்துப்போனவன் திருடனும் அல்ல, ஏமாற்றியவன் தரகனும் அல்ல. கெடுத்தது தரையும் புளியும்தான்!

மணலுக்கு முன் வெள்ளி நிற்குமா?

1835-ம் ஆண்டு முதல் 1939 வரை வந்த வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. 1940-ல் இருந்து பாதிதான் வெள்ளி. 1947-ல் அதுவும் போய் நிக்கல் ரூபாய் வந்துவிட்டது.

வெள்ளி மெத்தென்ற உலோகம். பொருட்களின் கடினத்தைக் கணக்கிடும் 10 வரையிலான அளவில் வெள்ளிக்கு 3-க்குள்தான் இடம். செம்பும் தங்கமும் ஏறக்குறைய அதே கதைதான். சிமெண்டுத் தரையில் இருக்கும் மணலுக்கோ 7! காசைத் தரையில் வைத்து இப்படி அப்படித் தள்ளினாலே போதும், ராணியின் கன்னத்தில் கோடு விழுந்துவிடும். கை நழுவி விழுந்தால் விளிம்பு நசுங்கும். அந்தக் கோட்டையும் நசுங்கலையும் எந்த ஆசாரியாலும் பழையபடி ஆக்க முடியாது. சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியை வைத்து முதலில் தேடுவதும் அதைத்தான்.

கடை மேஜைக் கண்ணாடி, மொசைக் தரை, எவர்சில்வர் தட்டு எல்லாமே இதில் ஒரே ஜாதிதான். கண்ணாடி வழவழப்பாக இருக்கிறதே என்று நினைக்கலாம். காசு விழுந்தால் அங்கேயும் அடிதான். மேலே படிந்த தூசி இருந்தால் கீறலும் சேரும்.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது!

அப்படியானால் எதன் மேல் வைப்பது? சேலை நெய்யும் ஊர்க்காரர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டியது இல்லை. பலமுறை துவைத்துக் கஞ்சி போன, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று போதும்!

தறியில் இருந்து வந்த புதுத்துணி வேண்டாம். அதில் கஞ்சியும் உதிரி நூலும் இருக்கும். சாயம் போட்ட துணியும் வேண்டாம். கை ஈரம் பட்டால் சாயம் இறங்கும். கம்பளித் துணியிலும் ரப்பர் விரிப்பிலும் கந்தகம் உண்டு. வெள்ளி கறுத்துப்போக அது ஒன்றே போதும். செய்தித்தாளில் வைத்தால் மை ஒட்டும்.

வேட்டியை நன்றாக உதறி, நாலு ஐந்து மடிப்பாக மடித்து, விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளத்துக்குள் விரிக்க வேண்டும். காசு உருண்டாலும் கீழே போகாது. நகைக்கடையில் இருப்பது போன்ற வெல்வெட் தட்டும் நல்லதே. ஆனால் வெல்வெட்டின் இழைக்குள் மண் துகள் ஒளிந்திருக்கும். அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே அரம் ஆகிவிடும்.

காசை எடுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் வியர்வை உப்பு ஒட்டிக்கொள்ளும்; நாளடைவில் விரல் ரேகையே கறையாக நிற்கும். முறுக்கு தின்ற கையோடு தொடவே கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு தொடலாம். துணிக்கு மேல் இரண்டு அங்குல உயரத்துக்குள் பிடித்துப் பார்த்தால், நழுவினாலும் சேதம் இல்லை. காசுக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பேசுவதும் கூடாது. எச்சில் துளி பட்ட இடம் புள்ளியாக மாறும்.

எழுத்து படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். மேஜை விளக்கைச் சாய்த்து வைத்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை!

ஒரு எழுத்தின் விலை

தேய்த்தால் என்ன போய்விடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பாண்டிய நாட்டுக் காசு பதில் சொல்லும்.

நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி, ஒரு சிறிய செப்புக் காசில் "பெருவழுதி" என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் படித்து, 1980-களில் உலகுக்கு அறிவித்தார். சங்க காலப் பாண்டியர் சொந்தப் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது சாட்சி ஆனது. அந்த எழுத்துகள் மெல்லிய கோடுகள்தான். யாராவது ஒருவர் புளியும் சாம்பலும் போட்டு "பளபள" ஆக்கியிருந்தால்? பாண்டியன் பெயர் சாக்கடையோடு போயிருக்கும்!

புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பது அமிலம். களிம்போடு சேர்த்து உலோகத்தையும் அது அரிக்கும். களிம்பு எடுப்பது தனி வித்தை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென ரசாயனக் கூடம் அமைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஜை அறைக் காசு

1968 முதல் 1971 வரை வந்த தாமரைப்பூ 20 பைசாவைப் பூஜைத் தட்டில் வைப்பவர்கள் உண்டு. பூஜைக்கு வைத்தது பூஜைக்கே இருக்கட்டும். குங்குமம், விபூதி, தண்ணீர் படும் தட்டில் சேகரிப்புக் காசைச் சேர்க்க வேண்டாம்.

பார்த்து முடித்ததும் மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடுவதும் ஆபத்து. நாள்பட்டால் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டும். அமிலம் இல்லாத காகித உறை நல்லது.

இன்னொன்று: மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பழங்காசு வீட்டுச் சொத்து அல்ல. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு உள்ளதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதையும் கழுவாமல், மண்ணோடு அப்படியே கொடுப்பதுதான் நல்லது.

பரணில் இருந்து பெட்டி இறங்கும் முன்பு, வேட்டி விரிந்திருக்கட்டும். தாத்தா தொட்ட காசை, பேரன் பிள்ளையும் அப்படியே பார்க்கலாம்!