கியர் பெட்டிக்கும் காய்ச்சல்!

அமெரிக்காவில் "பிக்கப்" என்ற சிறு லாரிகள் ஏராளம். பின்னால் படகைக் கட்டி இழுப்பார்கள். பெரும்பாலானவற்றில் கியர் தானே மாறிக்கொள்ளும்.

மலை ஏறும்போதுதான் ஆபத்து! கியர் பெட்டியில் உள்ள சிவப்பு எண்ணெய், கடைபட்டுக் கடைபட்டுச் சூடேறுகிறது. அது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் போச்சு! பெட்டியை மாற்ற ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும்.

என்ன செய்கிறார்கள்?

"ரேடியேட்ட"ருக்கு முன்னால் இன்னொரு சிறு "கூலர்" பொருத்துகிறார்கள். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் எண்ணெய், ரப்பர் குழாய் வழியே அதற்குள் போகிறது. எதிர்க்காற்றில் ஆறி, பெட்டிக்குத் திரும்புகிறது.

சாதாரண தண்ணீர்க் குழாய் உதவாது. எண்ணெய்க்கென்று உள்ள குழாயே வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கசிகிறதா என்று பார்ப்பார்கள். புதுக் கூலரும் கொஞ்சம் எண்ணெயைக் குடித்திருக்கும் அல்லவா? குறைந்த அளவை ஊற்றிய பிறகே படகைக் கட்டுகிறார்கள்.