மருந்து ஒரு நாள் தவறினால்?

சென்னைக் கடற்கரையில் இருந்து புறப்படும் மின்சார ரெயில், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தில் நிற்கிறது. "தாம்பரம் சானடோரியம்" என்கிறது பெயர்ப்பலகை. ஓர் ஆஸ்பத்திரியின் பெயரே ரெயில் நிலையத்தின் பெயராகிவிட்டது!

டாக்டர் சவுரி முத்து 1928-ம் ஆண்டில் காச நோயாளிகளுக்காக ஏற்படுத்திய ஆஸ்பத்திரி அது. 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அப்பொழுது காசத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்துள்ள சாப்பாடு, முழு ஓய்வு. இவைதான் வைத்தியம். காற்றை லாரியில் ஏற்றவேண்டியது இல்லை. கிடங்கில் பூட்டி வைக்கவேண்டியதும் இல்லை.

சேத்துப்பட்டு சோதனை

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது. 1952-ல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு சோதனை தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு, அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணியும் பார்த்தார்கள்!

ஓர் ஆண்டு கழிந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணம் அடைந்திருந்தார்கள். 1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகத்தின் வைத்திய முறையே மாறியது.

நோயாளிக்கு இது நல்ல சேதி. பெண்டு பிள்ளைகளைப் பிரியவேண்டியது இல்லை. ஆனால் பாரம் முழுவதும் மருந்துக் கிடங்கின் தலையில் விழுந்தது.

காச மாத்திரையை சாதாரணமாக 6 மாதம் விடாமல் சாப்பிடவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கிவிடும். "இனி எதற்கு?" என்று தோன்றும். நடுவில் விட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அசையாதவையாக மாறக்கூடும். நோயாளி நிறுத்தினால் புத்தி சொல்லலாம். மருந்தே வராவிட்டால் யாருக்குப் புத்தி சொல்வது?

கடிதம் வந்தது

அதுவும் நடந்தது. காச மருந்தை மத்திய சர்க்கார் மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புவது வழக்கம். "மருந்து வரத் தாமதம் ஆகலாம், அதுவரை உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள்" என்ற கருத்தில் 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குக் கடிதம் போயிற்று.

பொதுவான மருந்துகளுக்கு, தமிழ்நாட்டில் முன்பே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டம்தோறும் கிடங்கு வைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மருந்தின் மாதிரியை, எந்தக் கம்பெனியின் சரக்கு என்று தெரியாதபடி மறைத்து சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியைப் பின்பற்றின.

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். 2004 ஏப்ரலில் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அது 6 மாத விவகாரம் அல்ல. ஆயுள் முழுவதும் தினமும் சாப்பிடவேண்டிய மருந்து!

எடையும் கணக்கும்

காச மருந்தின் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. எத்தனை என்பதை உடல் எடை தீர்மானிக்கிறது. 35 முதல் 49 கிலோ வரை இருப்பவருக்கு தினம் 3. 50 முதல் 64 வரை என்றால் 4.

மெலிந்து வந்தவர் மருந்து ஏற ஏறத் தேறுகிறார். 47 கிலோ, 52 ஆகிறது. வீட்டில் சந்தோஷம், டாக்டருக்கும் சந்தோஷம். கிடங்குக்காரரோ அவருக்கு இனி தினம் ஒரு மாத்திரை கூடுதலாக எண்ணி வைக்கவேண்டும்.