பசியின் குரலுக்குச் செவிசாய்ப்போம்



உடற்பருமனைக் குறைக்க எண்ணியவுடன் நம்மில் பலர் முதலில் செய்வது உணவைத் துறப்பதாகும். காலை உணவை விடுகின்றனர். சோற்றை முற்றாக நிறுத்துகின்றனர். சில வாரங்களில் எடை குறைகின்றது. பின்னர் ஒரு வலீமா விருந்து வருகின்றது, கட்டுப்பாடு குலைகின்றது. இழந்த எடையும் மெல்லத் திரும்பிவிடுகின்றது. தமக்கு மனவுறுதி இல்லையென அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். குறை மனவுறுதியில் அன்று, வழிமுறையிலேயே உள்ளது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண் தொண்டர்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு வழமையான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. அவர்களது எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், சிந்தை முழுவதையும் உணவே ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கலாயினர். கட்டுப்பாடு நீங்கியபின் பலர் வயிறு நிறைந்தும் நிறைவு காணாது உண்டனர். முன்னரிலும் கூடுதலான கொழுப்பு உடலிற் சேர்ந்தது. பட்டினியை உடல் ஓர் ஆபத்தாகவே கருதுகின்றது என்பதற்கு இது சான்றாகும்.

பசி நமது பகையன்று. அது ஒரு செய்தி. இரைப்பை வெறுமையாகும்போது, 1999இல் கண்டறியப்பட்ட கிரெலின் என்னும் ஹோர்மோன் மூளைக்குப் பசியை உணர்த்துகின்றது. உண்ணும்போது இரைப்பை விரிவதாலும், குடலிற் சுரக்கும் ஹோர்மோன்களாலும் "போதும்" என்ற செய்தி செல்கின்றது. அது முழுமையாக உணரப்பட ஏறத்தாழ 20 நிமிடங்கள் வரை செல்லலாம். பத்து நிமிடத்தில் உண்டு முடிப்பவருக்கு அச்செய்தி தாமதமாகவே கேட்கும். சஹனைச் சூழ்ந்து அமரும்போது மற்றவரின் கைவேகத்திற்கு நமது கையும் விரைகின்றது. வயிறு நிறைந்த பின்னரும் வட்டிலப்பத்திற்கு இடம் தேடுகின்றோம்.

இதற்கு என்ன செய்யலாம்? முதலாவதாக, உண்ணுமுன் இது பசியா, கவலையா, சலிப்பா என நம்மையே வினவுவோம். வயிற்றின் பசி படிப்படியாக வரும். எளிய உணவையும் ஏற்கும். மனத்தின் ஆசையோ திடீரென எழுந்து, குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே நாடும். இரண்டாவதாக, கடும்பசி வரும்வரை தாமதியாது, மென்று மெதுவாக உண்போம். இடையே சற்று நிறுத்தி வயிற்றைக் கேட்போம். மூன்றாவதாக, உணவு வீணாகுமே என அஞ்சி உண்பதிலும், முதலிலேயே குறைவாக எடுத்து, தேவையாயின் மீண்டும் எடுப்பது நன்று. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் நீரும் அருந்தி, மஃரிபைத் தொழுதபின் உணவுக்கு அமர்வதிலும் இவ்விடைவெளி அமைந்துள்ளது.

வயிற்றில் மூன்றிலொரு பகுதி உணவுக்கும், மற்றொன்று நீருக்கும், எஞ்சியது மூச்சுக்கும் என நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அது தராசில் நிறுக்கும் அளவன்று. உள்ளிருந்து உணரும் அளவாகும்.

இவ்வழியில் எடை விரைவாகக் குறையும் என எவரும் உறுதிகூற இயலாது. சிலருக்குச் சற்றுக் குறையும். சிலருக்கு ஏறாது நிற்கும். அதுவும் ஒரு பேறே. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ பாவிப்போர், வைத்தியரின் ஆலோசனையின்றி உணவு நேரத்தையோ அளவையோ மாற்றலாகாது.

இன்றிரவு ஒரு வேளை உணவையேனும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிதானமாக உண்டு பாருங்கள். "போதும்" என்ற அந்த மெல்லிய குரல் உங்களுக்கும் கேட்கும்.