வன்தட்டையும் செல் அரிக்கும்

கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் கையிலேயே நொறுங்கிய கொடுமையை அந்நூலின் பதிப்புரையில் எழுதி வருந்தினார்கள். நம் திருக்கோணமலை ஈன்ற தி. த. கனகசுந்தரம்பிள்ளை அவர்களும் ஏட்டுப் பிரதிகளோடு காலங்கழித்த புலவரே. இன்று பழைய மலர்களையும் நூல்களையும் ஒளிப்படமாக்கிக் கணினியின் வன்தட்டிற் சேர்த்துவிட்டு, இனி அழிவில்லை என்று பலரும் அமைதியுறுகின்றனர். அவ்வமைதிக்கு இடமுண்டோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சுடைய வட்டத் தகடுகளின் அடுக்கு. அதன் பரப்பு, ஆங்கிலத்தார் 'பிளாக்' என வழங்கும் எண்ணிறந்த சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் ஒரு கட்டம் 512 பைட்டு கொள்ளும், புதியனவற்றில் 4,096. தமிழை யூனிகோட்டில் எழுதுங்கால் முன்னதனுள் மூன்று குறட்பாக்கள் அமையும். பூச்சுக் குறையாலோ வாசிப்புத் தலை உரசுதலாலோ ஒரு கட்டம் பழுதுறின், அங்குள்ளது படிக்க வாராது. செல்லரித்த ஏட்டில் துளை தெரியும். இங்கோ ஏனைய பக்கங்கள் செவ்வனே திறக்கும். ஒருவரும் தொடாத பக்கத்திற் பழுது எனின், ஆண்டுகள் பல கழியினும் அறிவாரில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஊரே கண்டழுதது. இவ்வழிவுக்கு அழவும் ஆளில்லை.

தட்டுகள் பலவற்றை ஓரணியாக நிறுத்திக் காக்கும் முறையைப் பட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் 1988இல் 'றெயிட்' எனப் பெயரிட்டு விளக்கினர். முதல் தட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என்க. இரண்டாவது கெட்டொழிந்தால் 12இல் 7ஐக் கழித்து மீட்கலாம். (மெய்யாக நிகழ்வது கூட்டலன்று, அதனையொத்த இருமக் கணக்கு.) ஆயின் மீட்குங்கால் எஞ்சிய தட்டுகளின் கட்டம் ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும். அந்த 7 இருந்த கட்டம் ஈராண்டின் முன்னரே பழுதுற்றிருப்பின்? கழித்தற்கு எண்ணில்லை.

ஆதலின், தட்டு எதுவும் கெடுமுன்னரே அணி முழுவதையும் அவ்வப்போது படித்துப் பார்த்தல் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் தன் மென்பொருள் அணிகளை மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் இவ்வாறு படிக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. படிக்கவியலாத கட்டம் எதிர்ப்படின், பிற தட்டுகளைக் கொண்டு கணித்து மீள எழுதும். தட்டும் பழுதிடத்தை ஒதுக்கித் தன்பாலுள்ள சேமக் கட்டமொன்றை ஈடாகத் தரும். ஒதுக்கியவற்றின் தொகையைத் தட்டே 'ஸ்மார்ட்' என்னும் பதிவில் வைத்திருக்கும். அத்தொகை ஏறிக்கொண்டே போகுமாயின் தட்டை மாற்றுக. 'பாட்பிளாக்ஸ்' என்னும் கருவியை ஏவும் மாணவர் ஒன்றை மறவற்க: அதன் எழுதி அழிக்கும் சோதனை வெறுந்தட்டுக்கே உரியது, நூல் நிறைந்த தட்டில் ஏவினால் ஒன்றும் மிஞ்சாது.

தட்டு வாங்கப் பொருள் நல்கும் பழைய மாணவர் எந்நாளும் உளர். மாதம் ஒருமுறை அப்பதிவைப் பார்த்துக் குறித்து வைப்பாரைக் காண்பதே அரிது. கல்லூரி மலர்களைக் காக்க விழைவோர் முதற்கண் அத்தகைய ஒருவரைத் தேடுக. பிறிதோரிடத்தும் ஒரு படி வேண்டும். கைதவறி நீக்கிய கோப்பை அணியிலுள்ள தட்டுகளெல்லாம் ஒருங்கே நீக்கிவிடும். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்னுருவாக்கி வருகின்றது. அதற்கும் ஒரு படி அனுப்பலாம்.