சிவப்புத் தெரியாத பரு

எமது உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன் எந்நேரமும் இடக்கன்னத்தைக் கையால் மறைத்தவாறே அமர்ந்திருப்பான். ஒருநாள் தனியே அழைத்து வினவினேன். "முகப்பரு சேர். வைத்தியர் தந்த மருந்தைப் பூசுவதை விட்டுவிட்டேன். இப்போது சிவப்பு ஒன்றுமில்லை, கறுப்பு மாத்திரந்தானே இருக்கிறது!" என்றான். சிவப்பு இல்லையேல் நோயும் இல்லை என்பது அவன் தீர்மானம். அது சரிதானா? தோலை வெட்டாமல், கீறாமல், ஒளியைக்கொண்டே ஆராயும் விஞ்ஞானம் இதற்கு விடை கூறுகின்றது.

பரு உண்டாகும் விதத்தை முதலில் நோக்குவோம். தோலின் மயிர்க்குழிகளை அடுத்து நெய்ச்சுரப்பிகள் உள்ளன. கட்டிளமைப் பருவத்தில் இவை மிகுதியாகச் சுரக்கின்றன. உதிரும் தோற்கலங்கள் அந்நெய்யுடன் கலந்து குழியின் வாயை அடைக்கின்றன. உள்ளே பற்றீரியாக்கள் பெருகுகின்றன. உடலின் காப்புக் கலங்கள் அவ்விடத்தில் வந்து குவிகின்றன; குருதிக் குழாய்கள் விரிகின்றன; இடம் சிவந்து வீங்குகின்றது. இதனையே அழற்சி என்கிறோம்.

இவ்வழற்சி, பரு வெளியே தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது என்பதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால், அதற்காகத் தோலிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. நோயாளர் எல்லோருடைய முகத்தையும் அவ்வாறு வெட்டுதல் தகுமா? வெட்டிய இடம் தழும்பாகுமல்லவா? ஒளியின் உதவி வேண்டப்படுவது இங்கேதான்.

குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியைப் பெரிதும் உறிஞ்சுகின்றது. சிவப்பு ஒளியைச் சிறிதளவே உறிஞ்சுகின்றது. எனவே, குருதி மிகுந்த இடத்திலிருந்து பச்சை ஒளி குறைந்தே திரும்பும். இக்குறைவை அளந்தால் சிவப்பின் அளவு எண்ணாகவே கிடைத்துவிடும். எம் போன்ற கபில நிறத்தோரின் தோலிலே மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதி. அதுவும் ஒளியை உறிஞ்சுவதால், உள்ளிருக்கும் சிவப்பு வெறுங்கண்ணுக்கு மறைந்துபோகின்றது. பல நிற ஒளிகளை ஒப்பிட்டு நோக்கும் கருவிகள், மெலனினின் பங்கையும் குருதியின் பங்கையும் பிரித்தறிய முயல்கின்றன.

இன்னுமொரு தடை தோலின் பளபளப்பு. வெயிலில் மின்னும் குளத்து நீர் அடியில் நீந்தும் மீனை மறைப்பதுபோல, இது ஆழத்திலுள்ளதை மறைக்கின்றது. விளக்கின் முன் ஒரு முனைவாக்கித் தகட்டையும், புகைப்படக் கருவியின் முன் அதற்குச் செங்குத்தாக இன்னொன்றையும் வைத்தால், மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி தடுக்கப்படும். தோலினுள்ளே சென்று சிதறி மீண்ட ஒளி மாத்திரம் படத்தில் விழும். இம்முறையின் பயனைத் தோல் வைத்தியரான றொக்ஸ் அண்டர்சன் 1991இல் விளக்கினார்.

இவற்றினும் ஆழமாக நோக்கும் கருவிகளும் உள. லேசர் ஒளியாற் செயற்படும் ஒருவகை நுணுக்குக்காட்டி, ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் ஆழம் வரையிலுள்ள கலங்களை உயிருள்ள தோலிலேயே காட்டுகின்றது. ஒளியலைகளின் தலையீட்டைப் பயன்படுத்தும் மற்றொரு கருவி, 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை சென்று தோலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தருகின்றது. குருதியோட்டத்தையும் அதனாற் காணலாம். இத்தகைய கருவிகள் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பன அல்ல. ஆயினும், இவை தரும் அறிவு எல்லோருக்கும் உரியது.

அம்மாணவனுக்கு இதனையே எடுத்துரைத்தேன். "நீ காணும் கறுப்பு, அழற்சி விட்டுச்சென்ற அடையாளம்; அது மறைய மாதங்கள் ஆகலாம். சிவப்புத் தெரியாமையால் உள்ளே அழற்சி இல்லையென்று துணிந்துவிடாதே. தெளிவாகத் தோன்றும் இடத்திலும் அது தொடங்கியிருக்கலாம். பருவின்மேல் மாத்திரமன்றி, பரு வரும் பகுதி முழுவதிலும் மருந்தைப் பூசுமாறு வைத்தியர் கூறுவது அதனாலேதான். மருந்தை நிறுத்துவதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். பருவை நகத்தாற் கிள்ளாதே, தழும்பு நிலைத்துவிடும்."

அடுத்த கிழமையே அவன் தாயாருடன் வைத்தியரிடம் சென்றுவந்தான். கன்னத்திலிருந்து கையை இன்னும் எடுத்தானில்லை. ஆனால், மருந்தை மறவாமற் பூசிவருவதாகக் கூறுகின்றான்.