தோலை உதறிய நட்சத்திரம்

அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்கள்தானே நீங்கள்? பட்டப்பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் விரல் நீட்டிய பக்கம் பார்த்து, ஒன்றும் தெரியாமலே "தெரிகிறது" என்று தலையாட்டியிருப்பீர்கள். அதனால் பாதகமில்லை. வசிஷ்டரும் அருந்ததியும் வடக்கு வானத்துத் தம்பதி. நான் சொல்லப் போவது தெற்கே இருக்கும் இன்னொரு தம்பதியைப் பற்றி. எந்த ஜோசியரும் பொருத்தம் சொல்லியிருக்க மாட்டார், அப்படிப்பட்ட ஜோடி!

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள், இரவு ஒன்பது மணிக்கு, அடுப்படி வேலையை முடித்துவிட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்கள் தெற்கு முகமாக நிற்க வேண்டும். வலது பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் பளிச்சென்று தெரிவது அகஸ்தியர். அவரை விட்டுவிட்டு நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிய இடத்தில், நன்றாகவே தெரியும் ஒரு நட்சத்திரம் இருக்கிறதல்லவா? அதற்குப் பெயர் காமா வெலோரம். கண்ணுக்கு ஒரே புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிக்குள் இருவர் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இருவருக்கும் நடுவே உள்ள தூரம், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எழுபத்தெட்டரை நாளுக்கு ஒரு முறை ஒருவரையொருவர் சுற்றி வருகிறார்கள். ஒருவரின் எடை ஏறக்குறைய 28 சூரியன். மற்றவரின் எடை 9 சூரியன். நம் சூரியனின் மேற்பரப்புச் சூடு 5,500 டிகிரி என்றால், பெரியவருக்கு சுமார் 35,000 டிகிரி. சின்னவருக்கோ ஐம்பதாயிரத்துக்கும் மேலே! இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலு லட்சம் சூரியன்களின் வெளிச்சத்தைக் கொட்டுகிறார்கள். அது நம்மிடம் வந்து சேர 1,100 வருஷம் ஆகிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சொல்கிறேன்: இன்று ராத்திரி உங்கள் மாடியில் வந்து விழும் ஒளி, அருள்மொழிவர்மனின் கொள்ளுப் பாட்டனார் முதலாம் பராந்தகர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது.

"டெலஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிகிற இரண்டை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறீர்களா? நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு வரும்போது சத்தம் கூர்மையாக இருக்கும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடும். ஒளிக்கும் இதே குணம் உண்டு. நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். ஒரே புள்ளியிலிருந்து வரும் கோடுகளில் ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் இன்னொரு கூட்டம் அந்தப் பக்கமும் ஊசலாடினால், அங்கே இரண்டு பேர் என்று அர்த்தம். யாருடைய கோடுகள் அதிகமாக ஊசலாடுகின்றனவோ அவர் எடை குறைந்தவர். குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றிப் பாருங்கள்: குழந்தை பெரிய வட்டமடிக்கும், நீங்கள் நின்ற இடத்திலேயே லேசாகத் திரும்புவீர்கள். அதே கணக்குத்தான்.

1889-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சிக் கூடத்தார் இந்த முறையில் முதலில் பிடித்தது யாரைத் தெரியுமா? நம் வசிஷ்டரைத்தான்! அவரும் ஒண்டி ஆள் இல்லை என்று தெரிந்தது. அதே வருஷம் அடுத்த ஜோடியைக் கண்டுபிடித்தவர் அங்கே வேலை பார்த்த அந்தோனியா மௌரி என்ற பெண்மணி.

அந்த ஹார்வர்டில் பிற்பாடு படித்துத் திரும்பியவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். 1960-ல் கோடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தின் டைரக்டரானார். அவரும் கே. எஸ். கணேஷும் நம் தென்வானத் தம்பதியின் கோடுகளைப் பிடித்து, ஒரு சுற்றுக்கு எழுபத்தெட்டரை நாள் என்று 1967-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கணக்கு நிற்கிறது. அடுத்து 1970-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து, அந்த ஜோடியை அளந்து எழுதியவர் ஹான்பரி பிரவுன். அவர் பிறந்தது எங்கே என்கிறீர்கள்? நம் நீலகிரி அருவங்காட்டில்!

அந்தச் சின்னவரின் கதைதான் விசித்திரம். பிறந்தபோது அவர்தான் பெரியவர். முப்பது சூரியனுக்கு மேல் எடை இருந்தது. நட்சத்திரங்களில் கனத்தவருக்குத்தான் ஆயுசு குறைவு. சீக்கிரம் எரித்துத் தீர்த்து, மேலே இருந்த ஹைட்ரஜன் போர்வை முழுவதையும் இழந்து, இப்போது உள்ளே இருந்த ஹீலியமும் கரியும் வெளியே தெரிய நிற்கிறார். இந்த ரகத்துக்கு வுல்ஃப்-ராயே நட்சத்திரம் என்று பெயர். 1867-ல் பாரிஸில் முதலில் கண்ட இருவரின் பெயர் அது. தோல் பதனிடும் ஊர்களின் தலைக்கு மேலே தோலை உதறிய நட்சத்திரம் ஒன்று! இன்னும் உதறிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் உடம்பிலிருந்து வீசும் காற்று, ஒரு விநாடியில் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இரண்டு நடை போய்விடும். லட்சம் வருஷத்தில் ஒரு சூரியனளவு எடை அதிலே போகிறது. எதிரே பெரியவரும் காற்று வீசுகிறார். இரண்டும் மோதும் இடத்தில் எக்ஸ்ரே பிறக்கிறது. குடித்தனம் அப்படி!

முடிவு என்ன? ஒரு நாள் வெடிக்கத்தான் வேண்டும். பட்டப்பகலிலும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நீங்கள் கவலைப்பட வேண்டாம். தூரம் நம்மைக் காப்பாற்றும், காலமும் லட்சக் கணக்கான வருஷம் கிடக்கிறது.

பாப்புவின் கதைதான் மனசை என்னவோ செய்கிறது. தென்வானம் நன்றாகத் தெரியும் இடமாக வேண்டும் என்று தேடி, வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில், சந்தனக் காட்டுக்கு நடுவே உள்ள காவலூரைப் பிடித்தார். 1968-ல் சின்ன டெலஸ்கோப் ஒன்றோடு வேலை ஆரம்பமாயிற்று. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அவருக்கு அது போதவில்லை. நம் நாட்டிலேயே இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலமான கண்ணாடி கடைந்து, நாமே டெலஸ்கோப் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஆகஸ்டில், ஐம்பத்தைந்து வயதில் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அந்த டெலஸ்கோப்பைத் திறந்து வைத்தார். கட்டியவரின் பெயரையே அதற்கும் அந்தக் கூடத்துக்கும் வைத்தார்கள்.

மாடிக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். கூடத்து விளக்கையும் வாசல் விளக்கையும் அணைத்துவிட்டுப் போங்கள். இருட்டு கண்ணுக்குப் பழகப் பத்து நிமிஷம் பிடிக்கும். பிறகு அகஸ்தியரிலிருந்து இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.