லீனியர் ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் தடித்த கம்பி?

27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டு வானொலியின் சிறு சமிக்ஞையை வடிவம் சிதையாமல் பெருக்கும் கருவி லீனியர் ஆம்ப்ளிஃபயர். அதன் செயல்திறன் 50 சதவீதம் என்றால், 100 வாட் வெளியே வர 200 வாட் உள்ளே போக வேண்டும், மீதி வெப்பமாகிவிடும். பேட்டரியின் 13.8 வோல்ட்டில் இந்த 200 வாட்டுக்கு ஏறத்தாழ 14.5 ஆம்பியர் தேவை. மின்கம்பியின் மின்தடை 0.1 ஓம் இருந்தாலே 1.45 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். மின்னழுத்தம் தாழ்ந்தால் பேச்சலையின் உச்சிகள் வெட்டுப்படும், குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசைகளிலும் இரைச்சல் பரவும்.

ஆகவே கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஃப்யூஸை பேட்டரிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடும் மின்விசிறியும் உதவும். ஆன்டெனா சரியாகப் பொருந்தாவிட்டால், திரும்பி வரும் ஆற்றல் டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும்.

திறனை நான்கு மடங்காக்கினாலும் அலையின் புலவலிமை இரு மடங்குதான் ஆகும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து மலைக்கு மறுபுறம் பேச, கூடுதல் வாட்டைவிட ஆன்டெனாவின் உயரமே பெரும்பாலும் கைகொடுக்கும்.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு உட்பட்ட கருவிகளுக்கே உரிம விலக்கு உண்டு. அதற்கு மேல் பெருக்குவது இந்த விலக்கில் அடங்காது. அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட 28 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், உரிமம் அனுமதிக்கும் திறன்வரை ஆம்ப்ளிஃபயரைப் பயன்படுத்தலாம்.